கோழிக்கு நெற்றி எங்கே

எங்கள் ஊரில் கோழி வளர்ப்பதை யாரும் தொழில் என்று சொல்லமாட்டார்கள். கோழி தானாக வளரும். காலையில் கூடையைத் தூக்கிவிட்டால் போகும், குப்பையைக் கிளறும், பக்கத்து வீட்டு நெல்லைத் தின்று வீட்டுக்குச் சண்டையை இழுத்துவரும், பொழுது சாய்ந்தால் திரும்பிவிடும். முட்டை பெண்களின் கைச்செலவுக்கு. சேவல் அம்மனுக்கு. ஆண்பிள்ளைக்கு இதில் தின்பதைத் தவிர வேறு வேலை கிடையாது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவே ஏரிக்கரை ஓரமாக இருந்த அந்த ஊரில், மெட்ரிகுலேஷன் வரை படித்த நான் கோழிப்பண்ணை வைக்கப்போகிறேன் என்று சொன்னபோது அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"ஏன்டா, படிப்பு பத்தலியா, இல்ல ஜாஸ்தியாப் பூட்ச்சா?"

அம்மா நான் சின்னப் பையனாக இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டாள். பெண்பிள்ளை இல்லாத வீட்டில் பேச்சு குறைவாக இருக்கும் என்பார்கள். எங்கள் வீட்டில் பேச்சுக்குக் குறைவே இல்லை. எல்லாம் அப்பாவின் பேச்சு. நான் செய்கிற ஒவ்வொன்றுக்கும் அவரிடம் ஒரு பழமொழி தயாராக இருக்கும். கோழிப்பண்ணைக்கு அவர் எடுத்து வைத்திருந்தது, "கூரை ஏறிக் கோழி புடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்பது. அந்தப் பழமொழியில் கோழியும் இருந்ததால் அவருக்கு இரட்டைச் சந்தோஷம். நாளுக்கு இரண்டு வேளையாவது சொல்லிவிடுவார்.

பூந்தமல்லியில் ஒரு பாதிரியார் வீட்டில் கோழி வளர்ப்பைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பார்த்தேன். படித்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கிவந்தேன். அவரும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அதில் இருந்த வெள்ளைக் கோழியின் படம்தான் என்னைக் கெடுத்தது. அது வருஷம் முழுக்க முட்டையிடுமாம். நம் நாட்டுக்கோழி நாலு முட்டை இட்டுவிட்டு, ஏதோ மலையைப் பெயர்த்துவிட்டதுபோல ஊரைக் கூட்டிக் கத்திவிட்டு, அடைக்கு உட்கார்ந்துவிடும். இந்தச் சீமைக்கோழி கத்தாதாம், உட்காராதாம். ரயிலில் மேற்கே போய், மிஷன் பண்ணை ஒன்றில் கேட்டு, மூங்கில் கூடைகளில் அடைத்துக் கொண்டுவந்தேன். அம்பத்தூர் ஸ்டேஷனில் இறக்கியபோது ஒரு கூட்டமே கூடிவிட்டது. கொக்குக்கும் கோழிக்கும் பிறந்ததா என்று ஒருவர் நிஜமாகவே கேட்டார். அப்பா மட்டும் கூடையின் சந்து வழியாக ஒரு விரலை விட்டுக் கோழியின் முதுகைத் தேய்த்து, விரலை எடுத்துப் பார்த்தார்.

"சாயம் ஒட்டல" என்றார். "நல்லா காயவச்சித்தான் வித்துகிறான்."

ஏரிக்கரையை ஒட்டிய எங்கள் மேட்டு நிலத்தில் கொட்டகை போட்டேன். பனங்கை, கீற்று, சுற்றிலும் மூங்கில் தட்டி. தட்டியைத் தூக்கினால் வெளிச்சம், இறக்கினால் இருட்டு. பகலில் கோழிகளை நிலத்தில் மேயவிட்டு, பொழுது சாய்ந்ததும் உள்ளே அடைப்பேன். தவிடு, கேழ்வரகு, பிண்ணாக்கு, கருவாட்டுத் தூள், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து வரும் கிளிஞ்சலை இடித்த பொடி, எல்லாம் புத்தகம் சொன்ன அளவுக்குக் கலந்து வைப்பேன். அப்பா கொட்டகைக்கு வெளியே நின்று பார்ப்பார். தான் கஞ்சியும் ஊறுகாயும் தின்று வளர்ந்ததை அந்தக் கோழிகளுக்குக் கேட்கும்படி சொல்வார்.

கோழி அடைக்கு உட்காராதது அவருக்குப் பெரிய குறையாகப் பட்டது. முட்டையிட்டதும் எழுந்து, திரும்பிக்கூடப் பார்க்காமல் தீனிக்குப் போய்விடுகிறதே.

"பெத்துப் போட்டுட்டுப் போய்கினே கீதுடா. தாயா இது? இதுங்க முட்டையத் தின்னா நமக்கும் பாசம் அத்துப்பூடும்."

இப்படிச் சொல்லிவிட்டுக் காலையில் ஒரு பச்சை முட்டையை உடைத்து வாயில் ஊற்றிக்கொள்வார். தண்ணீர் மாதிரி இருக்கிறது என்று காறித் துப்புவார். தண்ணீர்தானா என்று உறுதிப்படுத்திக்கொள்ள இன்னொன்று.

கல்யாணம் ஆனது இதற்கு நடுவில்தான். பெண் பூந்தமல்லி. மாப்பிள்ளைக்கு நிலம் இருக்கிறது, இங்கிலீஷ் தெரியும் என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தார் அப்பா. கோழி விஷயத்தை அவர் சபையில் எடுக்கவே இல்லை. என் மனைவி வந்த மறுநாள் காலை கொல்லைப்புறம் போனவள், வெள்ளைக் கும்பலைப் பார்த்துவிட்டு, நிதானமாகத் திரும்பிவந்து என்னிடம் கேட்டாள்.

"இன்னாங்க, உங்களுக்கு என்னியும் சேத்து மொத்தம் எத்தினி பொண்டாட்டி?"

ஆனால் ஒரு மாதத்தில் கொட்டகை அவள் கைக்குப் போய்விட்டது. எந்தக் கோழி இடுகிறது, எது சும்மா கூட்டத்தோடு நின்று தின்கிறது என்பது எனக்குப் புத்தகத்தைப் பார்த்தால் தெரியும், அவளுக்குக் கோழியைப் பார்த்தால் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்ததில் பண்ணை நன்றாகவே நடந்தது. உமி பரப்பிய கூடையில் முட்டைகளை அடுக்கி ஸ்டேஷனுக்கு அனுப்புவோம். பட்டணத்து வியாபாரி அவற்றைக் கையில் வாங்கிய பிறகு முட்டைகள் எப்படியோ சின்னதாகிவிடும், நாலு முட்டையில் கீறல் விழுந்துவிடும். அதைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

புத்தகத்தில் இருந்த எல்லாவற்றையும் நான் வீட்டில் உரக்கப் படித்து அர்த்தம் சொல்வேன். கேட்க ஆள் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதில் ஒன்று: அடைத்த இடத்தில் ஒரு கோழிக்குக் காயம் பட்டு ரத்தம் தெரிந்தால் மற்ற கோழிகள் அந்த இடத்தையே கொத்திக் கொத்திக் கொன்றுவிடும், உடனே அதன்மேல் தார் பூச வேண்டும். நான் ஒரு டப்பா தார் வாங்கிவந்து கொட்டகை உத்தரத்தில் வைத்தேன். அப்பாவுக்கு அது ஒரு வாரச் சிரிப்பு.

"கோழிக்குத் தார் பூசறானாம். அப்டியே ஜல்லியும் கொட்டிட்டின்னா அது மேல வண்டி உடலாம்."

அந்தச் சமயம் யுத்தம் உச்சத்தில் இருந்தது. ஆவடிப் பக்கம் பட்டாளத்து முகாம் வந்து இறங்கியதும் எங்கள் சீமையே தலைகீழாகிவிட்டது. நேற்றுவரை மாடு மேய்ந்த இடத்தில் லாரி நின்றது. ஷெட்டு ஷெட்டாகக் கட்டிக்கொண்டே போனார்கள். கட்டுவதற்குச் செங்கல் வேண்டும். செங்கல்லுக்கு மண் வேண்டும். ஏரிக்கரை மண்ணைப்போல வருமா? சூளைக்காரர் ஒருவர் ஊர் ஊராக வந்து நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, தங்கப்பல், யாரைப் பார்த்தாலும் அண்ணாத்தே. அவர் கைக்குப் போன நிலத்தில் மண்ணை வெட்டி எடுத்தபின் மிஞ்சுவது பள்ளம்தான். பிறகு அதில் தவளை வளர்க்கலாம்.

எங்கள் நிலத்தை அவர் வந்து பார்த்தார். கொட்டகையையும் பார்த்தார். "ஆகா, இன்னா அழகா கீது கோழிங்க, மல்லிப்பூவக் கொட்டினாப்ல" என்றார். மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்தபடியே சொன்னார். அவர் அழகாக இருக்கிறது என்று சொன்னது எதை என்பதில் எனக்குச் சந்தேகம் வரவில்லை.

அன்று சாப்பிடும்போது அப்பா தீர்ப்புச் சொன்னார். "பட்டாளத்துக்காரன் ஆயிரம் பேர் காலையில முட்ட துன்றான்னு நீதான சொன்ன? அவன் உன்கிட்ட முட்ட எடுக்கட்டும். நெலம் உனக்கு. எடுக்கலியா, சூளைக்குக் குடுத்துடறேன்னு அவன்கிட்ட வாக்கு குடுத்துட்டேன். நீ உன் மச்சான் மரக்கடையில போய்க் குந்து."

என் மனைவியின் அண்ணன் பூந்தமல்லியில் மரக்கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். தன்னிடம் வேலை செய்கிறவர்கள் எல்லாரும் சோம்பேறிகள் என்பதைத் தவிர வேறு எதையும் நம்பாதவர். அவர் கடையில் பலகை அளந்துகொண்டு, மனைவியின் சொந்தக்காரர்கள் நடுவே கடைசிவரை வாழ்வதை நினைத்ததும் பாதிச் சோற்றில் எழுந்துபோய்க் கோழிகளை ஒருமுறை எண்ணிவிட்டு வந்தேன். அந்த நிலம் போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. அது தெரிந்துதான் அப்பா அப்படிச் சொன்னார். முகாம்காரன் எங்கள் ஊர்ப் பக்கமே திரும்பமாட்டான் என்பது அவர் கணக்கு.

முகாமுக்கு நடையாய் நடந்தேன். வாசல் சிப்பாய் என்னை முட்டைக்காரன் என்றான். உள்ளே குமாஸ்தாவும் அப்படியே சொன்னார். என் இங்கிலீஷைக் கேட்டபிறகு மிஸ்டர் முட்டைக்காரன் ஆனேன். நல்ல வேளையாக அந்த மாதம் முகாமுக்கு வேறு எவனோ கொடுத்த முட்டைகள் அழுகிப்போய், பட்டாளம் முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடியது. இனிமேல் பண்ணையைக் கண்ணால் பார்க்காமல் முட்டை எடுப்பதில்லை என்று ஆபீசர் சொல்லிவிட்டாராம். பார்ப்பதற்குப் பண்ணை என்று ஒன்று அந்த வட்டாரத்தில் என்னிடம்தான் இருந்தது. ஆபீசரே நேரில் வருகிறார், வெயில் ஏறுவதற்குள் வந்துவிடுவார், சுத்தமாக வைத்திரு என்று குமாஸ்தா சொல்லி அனுப்பினார்.

நாங்கள் இரண்டு பேரும் செய்த ஏற்பாட்டைப் பார்த்தவர்கள், கொட்டகைக்குக் கல்யாணம் என்றே நினைத்திருப்பார்கள். தரை மெழுகினாள். நான் கம்பங்களுக்குச் சுண்ணாம்பு அடித்தேன். முந்தின நாள் கோழிகளை ஈரத்துணியால் துடைத்து அடைத்தோம். மறுநாள் காலை அவற்றை வெளியே விடுவதில்லை என்று முடிவு செய்தேன். விட்டால் மண்ணில் புரண்டுவிடும். வெள்ளைக்காரர் வந்து தட்டியைத் தூக்கும்போது வெள்ளை வெளேர் என்று தெரிய வேண்டும் என்பது என் மூளை.

அப்பா இதையெல்லாம் பார்த்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் இருந்தார். ஒரு பழமொழிகூட இல்லை. உடம்புக்கு முடியவில்லையோ என்று என் மனைவி கேட்டாள். தோற்கப்போகிறேன் என்ற சந்தோஷத்தில் வாயடைத்துவிட்டது என்று நான் சொன்னேன்.

மறுநாள் பொழுது விடிந்து, கொட்டகைத் தட்டியின் சந்துகளில் வெளிச்சம் புகுந்திருந்தது. வீட்டுக்குள் நல்ல முட்டைகளாகப் பொறுக்கிக் கூடையில் அடுக்கிக்கொண்டிருந்தோம். கொட்டகையில் கோழிகள் சத்தம் போட்டன. வெளியே விடவில்லை, பசியில் கத்துகின்றன என்றேன். அவள் கையில் இருந்த முட்டையைக் கீழே வைத்தாள்.

"பசிக்கு இப்டி கத்தாதுங்க."

ஓடிப்போய்த் தட்டியைத் தூக்கினாள். நான் பின்னால் போய் நின்றேன்.

வெள்ளையாக ஒரு கோழி இல்லை. ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டிருந்தன. வாலுக்கு மேலே கொத்து விழுந்து, ரத்தம் வந்து, அந்த ரத்தத்தைப் பார்த்து இன்னும் நாலு கோழிகள் வந்து கொத்தி, ஓட இடமில்லாமல் மூலையில் முட்டிக்கொண்டு கிடந்தன. பல செத்துவிட்டிருந்தன. செத்தவற்றையும் விடாமல் கொத்திக்கொண்டிருந்தன. கீரி புகுந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கதவைத் திறந்து கையில் அகப்பட்டதையெல்லாம் வெளியே எடுத்து வீசினோம். அப்படி எடுத்ததில் ஒன்றின்மேல் இன்னும் கொத்து விழவில்லை. அதன் முதுகில், வால் தொடங்குகிற இடத்தில், காலணா அகலத்துக்கு வட்டமாக, அழகாக, ஒரு சிவப்புப் பொட்டு.

என் மனைவி அதை விரலால் தொட்டு முகர்ந்தாள்.

"ஆரத்திங்க. மஞ்சளும் சுண்ணாம்பும்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவள் கரைக்கவில்லை. நான் கரைக்கவில்லை. திரும்பினால், கொட்டகை வாசலில் அப்பா நிற்கிறார். சவரம் செய்த முகம். என் கல்யாணத்துக்குக் கட்டிய பட்டுக்கரை வேட்டி. கையில் பித்தளைத் தட்டு, அதில் சிவப்பாக ஆரத்தித் தண்ணீர், நடுவே வெற்றிலையில் கற்பூரம். ஆபீசருக்காகத் தயாராக வந்திருந்தார். கண்ணெதிரே இருப்பதைப் பார்த்துவிட்டு, தட்டை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

"கண்ணு பட்டுடக் கூடாதுன்னு வச்சேன்டா" என்றார். "அந்த சூளக்காரன் மல்லிப்பூன்னு சொன்னான். இன்னிக்கு தொர வேற வரான். அவனுக்குப் பூனக்கண்ணாமே. கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுடா. இருட்டோட வந்து மூணு வாட்டி சுத்திட்டு ஒண்ணொண்ணுக்கும் பொட்டு வச்சேன். தூக்கத்துல இருந்துச்சா, கம்முனு இருந்துச்சுங்க."

யாரும் கேட்காமலேயே அடுத்ததையும் சொன்னார். "கோழிக்கு நெத்தி எங்க கீதுன்னு தெரியல. முன்னால ஏற்கெனவே செகப்பாத்தான் கீது. அதான் பின்னால வச்சேன்."

ஆரத்தி எடுப்பது பெண்கள் வேலை. அதிலும் சுமங்கலிகள் வேலை. மனைவியை இழந்த ஆண்பிள்ளை அந்தத் தட்டைத் தொடுவது எங்கள் ஊரில் கேள்விப்படாத விஷயம். மருமகளிடம் சொல்லியிருந்தால் கரைத்துக் கொடுத்திருப்பாள். ஆனால் இத்தனை நாள் கோழியைக் கிண்டல் செய்த வாயால் அதை எப்படிக் கேட்பது? அதனால் மனிதர் தானே மஞ்சளைக் குழைத்து, தானே சுண்ணாம்பு கலந்து, யாரும் எழுந்திருக்கும் முன் வந்து, பண்ணைக் கோழிகள் அத்தனைக்கும் ஒவ்வொன்றாகப் பொட்டு வைத்திருக்கிறார். இதெல்லாம் எனக்குப் பிறகு புரிந்தது. அந்த நிமிஷத்தில் என் கண்ணுக்குத் தெரிந்தது மரக்கடை மட்டும்தான்.

"சூளைக்குக் குடுக்கணும்னா நேராவே குடுத்திருக்கலாமே நைனா" என்றேன். "இத்தினி கோழியக் கொல்லணுமா?"

அப்பா தட்டில் சாய்ந்திருந்த கற்பூரத்தை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"பேசறதுக்கு முன்னால மாமா மூஞ்சியப் பாருங்க" என்றாள் என் மனைவி. அதைச் சொல்லிக்கொண்டே உத்தரத்திலிருந்து தார் டப்பாவை எடுத்து என் கையில் திணித்தாள். "மிச்சம் கீறதையாவது பாக்கலாம், வாங்க."

இரண்டு பேரும் கோழிகளைப் பிடித்துப் பிடித்துக் காயத்தின்மேல் தாரைப் பூசிக்கொண்டிருந்தோம். கையெல்லாம் கறுப்பு, வேட்டியெல்லாம் சிவப்பு. அந்தக் கோலத்தில் நான் நிற்கும்போது ஜீப் வந்து நின்றது.

ஆபீசர் நெட்டையாக இருந்தார். கண் நிஜமாகவே பூனைக்கண். கூடவே அந்தக் குமாஸ்தா. அப்பா என்ன நினைத்தாரோ, எடுத்த காரியத்தை முடித்துவிடுவது என்று தீர்மானித்து, கற்பூரத்தைக் கொளுத்திக்கொண்டு நேராக ஆபீசரிடம் போய்விட்டார். ஆபீசர் தட்டிலிருந்த சிவப்புத் தண்ணீரைப் பார்த்துவிட்டு, குடிக்கக் கொடுக்கிறார்கள் என்று எண்ணி, வேண்டாம், நன்றி என்று பணிவாக மறுத்தார். அப்பா அதைக் கண்டுகொள்ளாமல் மூன்று சுற்றுச் சுற்றிவிட்டுக் குமாஸ்தாவிடம் சொன்னார்.

"தொரகிட்ட சொல்லு. அவரு கண்ணு பூனக்கண்ணு. அவரு மேல தப்பில்ல, பொறப்பு அப்டி. அது பட்டா பச்ச மரமே பட்டுப்பூடும். அதான் கோழிங்களுக்குப் பொட்டு வச்சேன். அது இப்டி ஆய்ப்பூட்ச்சு."

குமாஸ்தா பட்டணத்துக்காரர், உத்தியோகம் தெரிந்தவர். "தங்கள் வருகைக்கு மரியாதையாக இந்தப் பெரியவர் கோழிகளை அலங்கரித்திருக்கிறார்" என்று இங்கிலீஷில் சொன்னார்.

ஆபீசர் கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தார். செத்துக் கிடந்தவை, தார் பூசியவை, பொட்டோடு தப்பியவை, எல்லாவற்றையும் பார்த்தார். "இதெல்லாம் எனக்காகவா?" என்று கேட்டார். ஆமாம் என்றார் குமாஸ்தா. நான் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். உண்மை என்பது அவர் கண்ணைப் பற்றியது என்று நினைவு வந்ததும் மூடிக்கொண்டேன்.

ஆபீசர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் தேவலை. செத்த வீட்டுக்கு வந்தவர்போல அப்பாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். இனி எந்தப் பண்ணையைப் பார்க்கப் போனாலும் முன்கூட்டியே சொல்லவேண்டாம் என்று குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். முட்டைக் கூடை வீட்டுக்குள்ளேயே இருந்தது. அதைக் கேட்கவே இல்லை. முகாமுக்கு முட்டை கொடுக்கிற வேலை பிறகு வேப்பம்பட்டுப் பக்கத்து ஆள் ஒருவனுக்குப் போயிற்று. அவன் ஊர் ஊராக முட்டை வாங்கி விற்கிறவன். அவனிடம் கோழியே கிடையாது. கண் படுவதற்கும் ஒன்றும் கிடையாது.

ஊரில் அன்று ஒவ்வொரு வீட்டிலும் கோழிக்குழம்பு. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் யாரும் வெறுங்கையோடு திரும்பவில்லை. எங்கள் வீட்டில் ரசம். அப்பா அதையும் தொடவில்லை. புத்தகத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஓர் எழுத்துத் தெரியாது.

"இதுல பொட்டு வைக்கக் கூடாதுன்னு போட்டுகிதா?" என்று கேட்டார்.

"இல்ல நைனா. ரத்தத்தப் பாத்தா கொத்தும்னு போட்டுகிது. அன்னிக்கே சொன்னேன்."

"ரத்தம்னுதான சொன்ன? ஆரத்தின்னு சொன்னியா?"

புத்தகம் எழுதிய வெள்ளைக்காரனுக்கு எங்கள் அப்பாவைத் தெரியாது. தெரிந்திருந்தால் ஒரு அத்தியாயம் சேர்த்திருப்பான்.

பொழுது சாய்கிற நேரத்தில் சூளைக்காரர் வந்தார். இப்படிப்பட்ட சேதி அவருக்கு மட்டும் காற்றிலேயே வந்துவிடும். தங்கப்பல் தெரியச் சிரித்துக்கொண்டே வந்தார்.

"இன்னா அண்ணாத்தே, கோழிக்குப் பொட்டு வச்சி, பூ வைக்கறதுக்குள்ள பூட்ச்சாமே. நேத்து சவரக்கடையில இன்னா பேச்சு பேசின நீ. 'எம் புள்ள பட்டாளத்துக்கே சோறு போடப் போறான், வெள்ளக்காரன் எங்க ஊட்டு வாசல்ல வந்து நிக்கப் போறான்'னு. பாதி சவரத்துல எழுந்து நின்னு சொன்னியே. சரி உடு. நெலத்த எப்ப அளக்கலாம்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. சவரக்கடையில் அப்படிப் பேசியது எனக்குத் தெரிந்துவிட்டதே என்ற வெட்கத்தில் காதுவரை சிவந்திருந்தார். காலையில் நான் சொன்ன வார்த்தையை எந்தக் கடையில் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது?

"நெலம் குடுக்கறதுக்கு இல்ல" என்றார் அப்பா.

"இன்னா அண்ணாத்தே, வாக்கு வாக்குன்னு பேசுவியே. கோழியே இல்லாத எடத்துல எதுக்குப் பண்ண?"

"கீது. போய்ப் பாரு. கண்ணு வைக்காம பாத்துட்டு, அப்டியே போய்க்கினே இரு."

இதில் பாசம் பாதி, வீம்பு பாதி. சூளைக்காரர் மட்டும் அன்று சிரிக்காமல் வந்திருந்தால் நான் மரக்கடைக்குத்தான் போயிருப்பேன் என்பது என் மனைவியின் கட்சி. இருக்கலாம். எந்தப் பாதியால் நிலம் தப்பியது என்று நான் ஆராயப் போகவில்லை.

மறுநாள் காலையில் எழுந்து போனால், அப்பா எனக்கு முன்னால் கொட்டகையில் இருந்தார். முதல் தடவையாகத் தட்டிக்கு உள்ளே. தவிட்டைக் கலந்து வைத்துவிட்டு, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பிழைத்த கோழிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூட்டம் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டிருந்தது. பொட்டோடு தப்பியவற்றுக்கும் அதை மறைக்க நாங்கள் தார் பூசியிருந்தோம். அதனால் ஒவ்வொரு வெள்ளைக் கோழியின் முதுகிலும் ஒரு வட்டக் கறுப்பு. குழந்தை கன்னத்தில் வைக்கிற மைப் பொட்டு மாதிரியே இருந்தது. எல்லாம் தலையைக் குனிந்து சமர்த்தாகத் தின்றுகொண்டிருந்தன. ஒன்றை ஒன்று கொத்தவில்லை.

அப்பா தவிட்டுக் கையை உதறிவிட்டு என் பக்கம் திரும்பினார். முகத்தில் பழைய தெளிவு வந்திருந்தது.

"மொதல்லியே கறுப்பு வச்சிருக்கணும்டா" என்றார்.